64,000 பேர் உட்காரும் மண்டபம்

பல்கலைக்கழக கிளஸ்டரில் நான் ஓட்டிய முதல் கணக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. எண்கள் வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'நான்', 'நான்' என்று வரிசையாக வந்து நின்றது. 'இது எண்ணே இல்லை' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. தமிழில் வாசித்தால், தப்பு யாருடையது என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல இருந்தது.

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஒரு சதுரப் பெட்டி, உள்ளே திரவம், மேல்மூடி மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். மூடி இழுக்க இழுக்க உள்ளே ஒரு சுழல் உருவாகும். ஓப்பன்ஃபோம் பழகுபவர்கள் முதலில் செய்வது இதைத்தான். பெட்டியின் பக்கம் 10 சென்டிமீட்டர், மூடியின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், 20க்கு 20 என 400 கட்டங்கள், ஒவ்வொரு தாவலும் 0.005 நொடி. என் லேப்டாப்பிலேயே கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. கிளஸ்டர்தான் கையில் இருக்கிறதே என்று ஆசை. 200க்கு 200 ஆக்கினேன், 40,000 கட்டங்கள். 64 கோர்கள் கேட்டேன். க்யூவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அப்புறம்தான் மேலே சொன்ன கதை.

லேபில் சீனியர் அக்கா ஒருவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"டைம் ஸ்டெப்ப மாத்துனியா?"

"இல்லக்கா."

"அப்புறம் வெடிக்காம என்ன செய்யும்? விடு, ரிச்சர்ட்ஸனுக்கே வெடிச்சிருக்கு."

யார் அந்த ரிச்சர்ட்ஸன் என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன். அக்கா சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன் 1881இல் இங்கிலாந்தில் பிறந்தவர். குவேக்கர், அதாவது ஆயுதம் எடுக்க மாட்டேன் என்பதை மதமாகவே கொண்டவர். நாளைய வானிலையை இன்றைய காற்று, அழுத்தம், வெப்பம் ஆகியவற்றிலிருந்து கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று நம்பினார். காற்றும் ஒரு பாய்மம்தான், அதற்கான சமன்பாடுகள் இருக்கின்றன. நேரடியாகத் தீர்க்க முடியாவிட்டால், வரைபடத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, காலத்தையும் துண்டு துண்டாக வெட்டி, கூட்டல் கழித்தல் பெருக்கலாக மாற்றிவிடலாம். நான் பெட்டியைச் சதுரங்களாக வெட்டியது போலவே, அவர் ஐரோப்பாவை வெட்டினார்.

முதல் உலகப்போர் வந்தது. சண்டைக்குப் போகமாட்டார், சும்மா இருக்கவும் மனசில்லை. 1916இல் குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து பிரான்ஸில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டினார். ஓய்வு கிடைத்தபோது, குளிர்ந்த தங்குமிடத்தில் வைக்கோல் குவியலின்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20. ஏற்கெனவே நடந்து முடிந்த வானிலை. அன்று காலை இருந்த நிலையை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் ஒரே ஒரு பகுதியில் ஆறு மணி நேரத்தில் என்ன மாற்றம் என்று கையால் கண்டுபிடிக்கப் பார்த்தார். 1917 ஏப்ரலில் ஷாம்பெய்ன் போரின்போது கையெழுத்துப் பிரதி பின்வரிசைக்கு அனுப்பப்பட்டுத் தொலைந்தே போனது. சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

இவ்வளவு பாடுபட்டு வந்த விடை: அழுத்தம் ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் ஏறும். புயலுக்கு நடுவில் நின்றால்கூட ஆறு மணி நேரத்தில் அவ்வளவு மாறாது. உண்மையில் அன்று அங்கே அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் நானாக இருந்தால் ஃபோல்டரை அழித்திருப்பேன். அன்று அழிக்கவும் செய்தேன். க்யூ, கோர், லாக் ஃபைல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி டீ குடிக்கப் போனேன். ரிச்சர்ட்ஸன் அந்த 145ஐ அப்படியே புத்தகத்தில் போட்டார். 1922இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அந்தப் புத்தகத்தில் தப்பான விடை மட்டுமல்ல, அதற்கு வந்துசேர்ந்த ஒவ்வொரு அட்டவணையும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பின்னாலேயே நடந்து போய் எங்கே சறுக்கியது என்று பார்க்கலாம். பார்த்தார்கள்.

சறுக்கல் தொடக்கத்திலேயே இருந்தது. அளந்த காற்றும் அளந்த அழுத்தமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. நிஜ வளிமண்டலத்தில் அவ்வளவு பெரிதாக இல்லாத வேக அலைகள் அந்தச் சின்னப் பொருத்தமின்மையால் கணக்குக்குள் புகுந்துவிட்டன. அவர் போட்டது ஒரே ஒரு தாவல்தான். ஆக அவருடையது என்னுடையதைப் போன்ற வெடிப்பு இல்லை. ஆனால் தொடர்ந்து போட்டிருந்தால் என் வியாதியும் வந்திருக்கும். அவருடைய கட்டங்கள் சுமார் 200 கிலோமீட்டர் அகலம், காலத் தாவல் 3 மணி நேரம். நொடிக்கு 300 மீட்டர் போகும் அலை அதற்குள் 3,000 கிலோமீட்டர் தாண்டிவிடும். பக்கத்து வீட்டை மட்டும் விசாரிக்கிற கணக்குக்குப் பதினைந்து தெரு தள்ளி நடப்பது எப்படித் தெரியும்?

1928இல் கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணிதவியலாளர்கள் இதை நிபந்தனையாகவே நிறுவினார்கள். கட்டத்தைச் சிறிதாக்கினால் தாவலையும் சிறிதாக்கு. என் திரையில் ஒவ்வொரு வரியிலும் 'கூரண்ட் எண்' என்று ஒன்று ஓடியது, நான்தான் கவனிக்கவில்லை. 20க்கு 20இல் அது 1. கட்டத்தைப் பத்து மடங்கு சிறிதாக்கியும் தாவலைத் தொடாமல் விட்டதால் 10 ஆகியிருந்தது.

ரிச்சர்ட்ஸன் புத்தகத்தில் ஒரு கற்பனை வருகிறது. பெரிய வட்ட மண்டபம், சுவர் முழுக்க உலக வரைபடம், அதில் 64,000 மனிதக் கம்ப்யூட்டர்கள். அன்று கம்ப்யூட்டர் என்பது ஒரு வேலையின் பெயர். ஒவ்வொருவரும் தன் பகுதிக்கான கணக்கை மட்டும் போட்டு, அண்டை ஆட்களுக்கு விடையைக் காட்டுவார்கள். நடுவில் உயரமான தூணில் நிற்பவர், முந்திப் போகிறவர்கள்மேல் இளஞ்சிவப்பு ஒளியும் பின்தங்குகிறவர்கள்மேல் நீல ஒளியும் பாய்ச்சி எல்லோரையும் ஒரே வேகத்தில் வைத்திருப்பார்.

1950இல் அமெரிக்காவின் அபர்டீனில் எனியாக் இயந்திரத்தில் ஜூல் சார்னியின் குழு அந்தக் கனவைத் தொட்டது. வேக அலைகளே வராதபடி சமன்பாட்டை எளிமையாக்கிக்கொண்டார்கள். நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்துச் சரிபார்த்தவர் கிளாரா வான் நாய்மன். 24 மணி நேர முன்னறிவிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே ஆனது. சார்னி முடிவுகளை ரிச்சர்ட்ஸனுக்கு அனுப்பினார். பார்த்துவிட்டு, மகிழ்ந்து பாராட்டி எழுதினார் பெரியவர். 1953இல் இறந்தார்.

1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளைக் கம்பியால் இணைத்து 'பேவுல்ஃப்' என்று பெயர் வைத்தார்கள். பல்கலைக்கழகங்கள் தாங்களே கிளஸ்டர் கட்டிக்கொள்ள அதுதான் வழி காட்டியது. நான் கேட்ட 64 கோர்களும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்தவர்கள்தான். கட்டங்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எல்லையில் இருக்கும் எண்களை அண்டை வீட்டாரிடம் சொல்கிறார்கள், எல்லோரும் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். ஆளுக்கு 625 கட்டம்தான். போடும் கணக்கைவிடப் பேசும் பேச்சு அதிகமாகிவிடும். தாவலை 0.0005 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டியபோது 64 கோரைவிட 4 கோரில் சீக்கிரம் முடிந்தது.

சுழல் வந்தது. மூலைகளில் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் குட்டிச் சுழல்கள்கூடத் தெரிந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்கு. முதல்ல வெடிச்சது எங்க? ஜூனியர் பசங்களுக்குக் காட்டலாம்."

"அழிச்சிட்டேன்கா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்து, தாவலை மறுபடி 0.005 ஆக்கி, 64 கோர் கேட்டு, க்யூவில் போட்டேன். இந்த முறை வெடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். வெடித்தது. அந்த ஃபோல்டருக்கு 145 என்று பெயர் வைத்திருக்கிறேன்.