அமெரிக்க நர்சிங் ஹோம்களும் ஆள் கணக்கும் - ஒரு வரலாற்றுப் பார்வை

தமிழ்நாட்டில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் ஆஸ்பத்திரி என்றுதான் பொருள். பிரசவத்திற்கோ, காய்ச்சலுக்கோ, ஆபரேஷனுக்கோ போய்ச் சேர்ந்து, சில நாட்களில் வீடு திரும்பும் இடம் அது. அமெரிக்காவில் அதே பெயருக்குப் பொருள் வேறு. தானாக எழுந்து நடக்கவோ, குளிக்கவோ, சாப்பிடவோ முடியாத முதியவர்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்கியிருக்கும் இடமே அங்கு நர்சிங் ஹோம். பலருக்கு அதுவே கடைசி முகவரியும்கூட. சுமார் 15,000 நர்சிங் ஹோம்களில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் அங்கு வாழ்கிறார்கள்.

இப்படி ஒரு இல்லத்தை நடத்த என்னென்ன வேண்டும்? கட்டிடம் வேண்டும். லைசென்ஸ் வேண்டும். தகுதியுள்ள நிர்வாகி வேண்டும். ஒழுங்கான கணக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்கள் வேண்டும். முதல் நான்குக்கும் அமெரிக்காவில் தெளிவான விதிகள் வந்துவிட்டன. ஆனால் 'இத்தனை முதியவர்களுக்கு இத்தனை ஊழியர்கள்' என்ற விதி மட்டும் நாடு முழுவதற்குமாக இன்றுவரை நிலைக்கவில்லை. அது ஏன் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழை விடுதியிலிருந்து தனியார் விடுதிக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆதரவற்ற அமெரிக்க முதியவர்களின் கடைசிப் புகலிடம் உள்ளூர் அரசுகள் நடத்திய ஏழை விடுதிகள்தான். முதியவர்கள், மனநோயாளிகள், குடிகாரர்கள், அனாதைகள் என எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் அடைத்து வைத்த இடங்கள் அவை. அங்கு போவதையே மக்கள் அவமானமாகக் கருதினார்கள்.

1935 ஆகஸ்ட் 14 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் ஒரு பகுதியாக, வசதியற்ற முதியவர்களுக்கு மாநிலங்கள் கொடுக்கும் உதவித்தொகையில் மத்திய அரசும் பங்கு கொடுக்கத் தொடங்கியது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அரசு நடத்தும் விடுதியில் தங்கியிருப்பவருக்கு இந்தப் பணம் கிடையாது. ஏழை விடுதிகளை ஒழிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்ட நிபந்தனை அது.

விளைவு வேறு விதமாக அமைந்தது. கையில் பணம் வந்ததும் முதியவர்கள் தனியார் விடுதிகளைத் தேடிப் போனார்கள். வீட்டில் காலி அறை வைத்திருந்தவர்கள் அதில் நான்கு கட்டில்களைப் போட்டு, முதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, மாதாமாதம் அவர்களது உதவித்தொகையை வாங்கிக்கொண்டார்கள். சிலர் நர்ஸ் வேலை பார்த்தவர்கள், பலர் அப்படியல்ல. லாப நோக்கில் இயங்கும் நர்சிங் ஹோம் தொழில் இப்படித்தான் வேர் பிடித்தது. பணம் முதலில் வந்தது, விதி பின்னால் வந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இந்த வரிசை பிறகும் மாறவில்லை.

கட்டிடத்திற்கு விதி

1950இல் சட்டம் திருத்தப்பட்டது. நர்சிங் ஹோம்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழி பிறந்தது. அதோடு, உதவித்தொகைத் திட்டத்தில் பங்கேற்கும் மாநிலங்கள் இத்தகைய இல்லங்களுக்குத் தர விதிகளை வகுக்கவும் கண்காணிக்கவும் ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. லைசென்ஸ் முறை பரவலாக வேரூன்றியது இதன் பிறகுதான்.

1946இல் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் 1954இல் விரிவாக்கப்பட்டு, லாப நோக்கமற்ற நர்சிங் ஹோம்கள் கட்டவும் நிதி கொடுத்தது. பணம் ஆஸ்பத்திரித் திட்டத்திலிருந்து வந்ததால், நர்சிங் ஹோமும் ஆஸ்பத்திரியின் சாயலிலேயே எழுந்தது. நீண்ட வராந்தா, இருபுறமும் அறைகள், நடுவில் நர்ஸ் உட்காரும் மேஜை. கட்டிடம் ஆஸ்பத்திரி போல் ஆனது. ஆஸ்பத்திரி அளவுக்கு ஆட்கள் வந்தார்களா என்பது வேறு கதை.

1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் மெடிக்கேர், மெடிக்கெய்ட் என்ற இரு திட்டங்களுக்கும் கையெழுத்திட்டார். மெடிக்கேர் முதியோருக்கான மருத்துவக் காப்பீடு. மெடிக்கெய்ட் வசதியற்றோருக்கான மருத்துவ உதவி. நர்சிங் ஹோம்களுக்குப் பெரும்பணம் வந்த வாசல் இரண்டாவதுதான். ஆனால் மெடிக்கேர் விதித்த தகுதிகளை முழுமையாக நிறைவேற்ற, விண்ணப்பித்த இல்லங்களில் பெரும்பாலானவற்றால் முடியவில்லை. கண்டிப்பாக நடந்தால் முதியவர்களுக்கு இடமே கிடைக்காது. எனவே 'கணிசமான அளவுக்கு விதிகளைப் பின்பற்றுகிறது' என்ற ஒரு நடுவழி கண்டுபிடிக்கப்பட்டு, குறையோடேயே பல இல்லங்கள் அனுமதிக்கப்பட்டன.

நிர்வாகிக்கு லைசென்ஸ், கணக்குக்குத் தணிக்கை

1967இல் வந்த திருத்தங்கள் நிர்வாகத்தின் பக்கம் திரும்பின. யூட்டா மாநில செனட்டர் ஃபிராங்க் மோஸ் இதில் முக்கியப் பங்கு வகித்தார். இல்லத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. நர்சிங் ஹோம் நிர்வாகி மாநிலத்திடம் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியும் வந்து, 1970இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது முடி வெட்டுபவருக்கும் குழாய் பழுது பார்ப்பவருக்கும் லைசென்ஸ் கேட்ட நாட்டில், நூறு முதியவர்களின் உயிருக்குப் பொறுப்பானவரிடம் லைசென்ஸ் கேட்க 1970 வரை ஆயிற்று!

அதே 1970 ஜனவரியில் ஒஹையோ மாநிலம் மரியெட்டா நகரில் ஒரு நர்சிங் ஹோமில் தீப்பிடித்து 30க்கும் மேற்பட்ட முதியவர்கள் இறந்தனர். தரைவிரிப்பிலிருந்து எழுந்த அடர்ந்த புகையே பலரைக் கொன்றது. தீப்பாதுகாப்பு விதிகளை இறுக்க வேண்டும் என்ற குரல் இதனால் வலுத்தது.

அடுத்து கணக்கு. அன்று பல மாநிலங்களில் மெடிக்கெய்ட் 'செலவைக் காட்டு, பணத்தை வாங்கிக்கொள்' என்ற முறையில் இயங்கியது. வணிகவியல் படித்தவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை உடனே புரியும். செலவைக் கூட்டிக் காட்டினால் வருமானமும் கூடும். 1970களின் மத்தியில் நியூயார்க்கில் இது பெரிய ஊழலாக வெடித்தது. பல இல்லங்களைக் கையில் வைத்திருந்த பெர்னார்ட் பெர்க்மன் 1976இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

1987 சட்டம்

1980களின் தொடக்கத்தில் ரீகன் அரசு நர்சிங் ஹோம் சோதனை விதிகளைத் தளர்த்த முயன்றது. எதிர்ப்பு கிளம்பவே, மருத்துவக் கழகம் என்ற உயர் ஆய்வு நிறுவனத்திடம் பிரச்சினை ஒப்படைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1986இல் வெளியானது. பல இல்லங்களில் பராமரிப்பு மோசமாக இருக்கிறது, மத்திய அரசின் பிடி இறுக வேண்டும் என்பதே அதன் சாரம். இதற்கு முந்தைய ஆண்டு ஒரு நுகர்வோர் அமைப்பு நர்சிங் ஹோம்வாசிகளிடமே பேசி ஓர் ஆய்வு வெளியிட்டிருந்தது. நல்ல பராமரிப்பு என்றால் என்ன என்று கேட்டபோது, அவர்கள் கட்டிடத்தையோ உபகரணங்களையோ முதலில் சொல்லவில்லை. நல்ல ஊழியர்கள் வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

1987 டிசம்பரில் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது. இன்றும் அமெரிக்க நர்சிங் ஹோம்களின் அடிப்படை இதுதான். இதன் முக்கிய ஊழியர் விதிகள் வருமாறு:

1. 24 மணி நேரமும் லைசென்ஸ் பெற்ற ஒரு நர்ஸ் இருக்க வேண்டும்.
2. உயர் தகுதி கொண்ட பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் வாரத்தின் 7 நாளும், நாளுக்குத் தொடர்ந்து 8 மணி நேரமாவது இருக்க வேண்டும்.
3. முழுநேர நர்சிங் இயக்குநர் ஒருவர் வேண்டும்.
4. 120 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் முழுநேர சமூகப் பணியாளர் வேண்டும்.
5. நர்சிங் உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அவர்கள் பெயர் மாநிலப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது விதி மிக முக்கியமானது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆயா என்று அழைக்கப்படுபவர் செய்யும் வேலைதான் உதவியாளரின் வேலை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டி விடுவது, படுக்கைப்புண் வராமல் இருக்கத் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்தான். முதியவரின் உடலைத் தினமும் தொடும் கை அவருடையது. அந்தக் கைக்கும் பயிற்சி வேண்டும் என்று நாடு முழுவதற்குமாகச் சொன்னது இந்தச் சட்டம்.

8 மணி நேரக் கணக்கு

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டாவது விதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 8 மணி நேரம் என்பது 480 நிமிடம். 60 பேர் உள்ள இல்லத்தில் அந்த ஒரு நர்ஸ் நாளுக்கு ஒருவருக்கு 8 நிமிடம் ஒதுக்கலாம். 240 பேர் உள்ள இல்லத்துக்கும் அதே 8 மணி நேரம்தான் கட்டாயம். அங்கே ஒருவருக்குக் கிடைப்பது 2 நிமிடம்! இல்லம் பெரிதானால் ஆட்களும் கூட வேண்டும் என்று சட்டம் எண்ணில் சொல்லவில்லை. 'போதுமான' ஊழியர்கள் வேண்டும் என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது.

மற்ற விதிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். தனி அறை என்றால் குறைந்தது 100 சதுர அடி, பலர் தங்கும் அறை என்றால் ஆளுக்கு 80 சதுர அடி. இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் இடையே பொதுவாக 14 மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது. இவையெல்லாம் எண்ணில் இருக்கின்றன. அந்த உணவை ஊட்டி விட எத்தனை பேர் வேண்டும் என்பது மட்டும் எண்ணில் இல்லை.

காரணம் எளிது. அறையின் அளவு ஒரு முறை செய்யும் செலவு. ஊழியர் எண்ணிக்கை மாதாமாதம் திரும்பத் திரும்ப வரும் செலவு. நர்சிங் ஹோமின் செலவில் பெரும்பங்கு சம்பளமே. அந்தச் சம்பளத்தின் பெரும்பகுதி மெடிக்கெய்ட் வழியாக அரசிடமிருந்தே வரவேண்டியிருக்கிறது. ஆகவே எண்ணைச் சொன்னால் உரிமையாளருக்கும் செலவு, அரசுக்கும் செலவு. இரு தரப்பும் மௌனமாக இருக்கக் காரணம் இருந்தது.

4.1 என்ற எண்

எண்ணைக் கண்டுபிடிக்க அரசே ஆய்வு நடத்தியது. 2001இல் வெளியான அறிக்கை, நீண்டநாள் தங்குபவர் ஒருவருக்கு நாளுக்கு மொத்தம் சுமார் 4.1 மணி நேர நர்சிங் கவனிப்பு தேவை, அதற்குக் கீழே போகப்போகக் கேடு கூடுகிறது என்று காட்டியது. இதில் 2.8 மணி நேரம் உதவியாளர்களுடையது. அன்றைய இல்லங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த அளவுகளை எட்டவில்லை. எண் கிடைத்தது, ஆனால் அது விதியாகவில்லை. சில மாநிலங்கள் மட்டும் சொந்தமாக எண் வைத்துக்கொண்டன. உதாரணமாக கலிபோர்னியா 2018இல் 3.5 மணி நேரத்தைக் குறைந்தபட்சமாக்கியது.

இதற்கிடையே ஒரு பயனுள்ள மாற்றம் வந்தது. முன்பெல்லாம் எத்தனை ஊழியர் என்பதைச் சோதனை வரும் சமயத்தில் இல்லமே எழுதிக் கொடுக்கும். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2016 முதல் சம்பளப் பட்டியலின் அடிப்படையில் தினசரி விவரம் தரவேண்டும் என்றானது. சம்பளம் கொடுக்காத ஆளைக் கணக்கில் காட்ட முடியாதல்லவா? 2018இல் இந்த விவரங்கள் வெளியானபோது, சனி ஞாயிறுகளில் ஆட்கள் கணிசமாகக் குறைவது வெட்டவெளிச்சமானது. முதியவருக்கு ஞாயிற்றுக்கிழமை பசி குறைவதில்லை.

கொரோனாவும் அதன் பின்னும்

2020 பிப்ரவரி இறுதியில் வாஷிங்டன் மாநிலம் கிர்க்லாண்ட் நகரின் ஒரு நர்சிங் ஹோமில் கொரோனா பரவியது. அங்கிருந்து நாடெங்கும் இதே கதை. 2022 தொடக்கத்துக்குள் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வசித்தவர்களும் வேலை பார்த்தவர்களுமாக 2 லட்சம் பேர் இறந்திருந்தனர். 'போதுமான' என்ற சொல் போதாது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

2024இல் பைடன் அரசு இறுதி விதியை வெளியிட்டது. ஒருவருக்கு நாளுக்கு மொத்தம் 3.48 மணி நேரம், அதில் பதிவு பெற்ற நர்ஸ் 0.55, உதவியாளர் 2.45. மேலும் பதிவு பெற்ற நர்ஸ் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். 100 பேர் உள்ள இல்லத்திற்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். உதவியாளர் நேரம் 245 மணி. 8 மணி நேர ஷிப்ட் என்றால் நாளுக்கு சுமார் 31 ஷிப்ட். மூன்றாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் பத்துப் பேர், அதாவது ஒரு உதவியாளருக்குப் பத்து முதியவர். ஆடம்பரமான கணக்கு இல்லை இது. 2001 ஆய்வு சொன்ன 4.1ஐ விடவும் குறைவு.

இல்ல உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கிராமப்புறங்களில் நர்ஸ் கிடைப்பதே அரிது. கூடுதல் சம்பளத்திற்குக் கூடுதல் பணத்தை விதி கொண்டுவரவில்லை. இல்லம் மூடப்பட்டால் முதியவர் எங்கே போவார் என்று கேட்டார்கள். 1960களில் கேட்ட அதே கேள்வி!

2025 ஏப்ரலில் டெக்சாஸில் உள்ள மத்திய அரசு நீதிமன்றம் இந்த எண்களை ரத்து செய்தது. இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றம் துறைக்குக் கொடுக்கவில்லை என்பது அதன் முடிவு. 2025 ஜூலையில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, விதியை 2034 செப்டம்பர் 30 வரை நடைமுறைப்படுத்தக் கூடாது என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் துறையும் விதியை நீக்கிவிட்டது.

ஆக, நாடு முழுவதற்கும் இன்று இருப்பது 1987ஆம் ஆண்டின் 8 மணி நேரமும் 'போதுமான' என்ற சொல்லும்தான். கட்டிடம், லைசென்ஸ், நிர்வாகி, கணக்கு எல்லாவற்றிலும் அமெரிக்கா தொண்ணூறு ஆண்டுகளில் வெகுதூரம் வந்திருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு மூதாட்டி கழிவறைக்குப் போக மணியை அழுத்தினால், எழுந்து வர எத்தனை பேர் இருப்பார்கள் என்பது அவர் எந்த மாநிலத்தில், எந்த இல்லத்தில் படுத்திருக்கிறார் என்பதைப் பொறுத்ததாகவே இருக்கிறது.