கஞ்சித் தொட்டி

வடசென்னையில் பழைய ஜெயில் ரோட்டிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ராயபுரம் ஜனங்கள் வைத்த பெயர் கஞ்சித் தொட்டி. கவர்னர் துரையின் பெயர் பலகையில் இருக்கிறது. கஞ்சியின் பெயர் ஜனங்களின் வாயில் இருக்கிறது.

1780-ல் ஹைதர் அலியுடன் மூண்ட யுத்தமும், கூடவே வந்த பஞ்சமும் கிராமத்து மக்களைச் சென்னைக்குத் துரத்தின. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். 1799-ல் கம்பெனி டாக்டர் ஜான் அண்டர்வுட் அதை ஒட்டி ஒரு வைத்தியசாலை வைத்தார். 1938-ல் வைத்தியக் கல்லூரி வந்தது. முதலில் கஞ்சி, பிறகு மருந்து, அப்புறம் படிப்பு! கஞ்சித் தொட்டி என்று கேலியாகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ அந்தப் பெயரில்தான் வைத்திய சாஸ்திரமே அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

வாந்திபேதி ஆளைக் கொல்வது எப்படி? நீரும் உப்பும் வெளியேறி, ரத்தத்தின் அளவு சுருங்கிவிடுகிறது. வளர்ந்த மனிதனுக்கு இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். அது குறைந்ததும் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை அனுப்பி அபாய அறிவிப்புக் கொடுக்கிறது. ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் 1898-ல் இதைக் கண்டார்கள். அறிவிப்பு எட்டியதும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, உப்பு வெளியே போகாமல் தடுக்கிறது. இது 1953-ல் லண்டனில் சில்வியா சிம்ப்ஸன், ஜேம்ஸ் டெயிட் ஆகியோரால் பிரித்தெடுக்கப்பட்டது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியோ வேறொரு ஹார்மோனை அனுப்பி, நீரை இறுக்கிப் பிடிக்கிறது. ரத்தம் அளவுக்கு மிஞ்சினால் "போதும், வெளியேற்று" என்று சொல்வது இதயமேதான் என்பதை 1981-ல் கனடாவில் டி போல்ட் நிரூபித்தார்.

இத்தனை காவலர்களும் செய்யக்கூடியது என்ன? இருப்பதைக் காப்பார்கள், இல்லாததை உண்டாக்க மாட்டார்கள். வரவு நின்ற கஜானாவுக்குக் காவல் எத்தனை நாள் தாங்கும்?

1971-ல் வங்காளத்தில் மறுபடியும் யுத்தம், மறுபடியும் அகதிகள். வாந்திபேதி பரவிய போன்காவ்ன் முகாமில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சாவு 100-க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலில் உப்பை அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னால் நீர் போகிறது. அரிசிக் கஞ்சியின் மாவும் குடலில் சர்க்கரைதான் ஆகிறது. உப்புப் போட்ட கஞ்சியும் இதே வேலையைச் செய்யும் என்று பிற்பாடு டாக்டர்களே ஒப்புக்கொண்டார்கள்.

பலகையில் எந்தப் பெயர் இருந்தால் என்ன? அந்த ஆஸ்பத்திரிக்குக் கஞ்சித் தொட்டி என்பதைவிடக் கௌரவமான பட்டம் வேறு உண்டா?