கூண்டு முதல் கைப்பேசி வரை: ராமநாதபுரம் கடற்கரையில் பொது நிறுவனங்கள் பதில் சொல்லப் பழகிய வரலாறு

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியைத் தமிழ் நாளேடுகளில் ஆண்டுதோறும் காணலாம். கரையில் நிற்கும் யார் கண்ணிலும் அந்தக் கூண்டு படும். ஆனால் அதனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. இன்றைய மீனவர் தம் ஐயத்தை வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார். ராமேஸ்வரம் ரயிலில் வரும் யாத்திரிகர் தம் குறையை எக்ஸ் தளத்தில் எழுதுகிறார். வானிலை அறிவிப்பின் கீழேயே, அது தம் ஊருக்குப் பொருந்துமா என்று படிப்பவர் கேட்கிறார். இந்தப் பொது உரையாடலுக்கு ரயில்வே, வானிலைத் துறை, மீன்வளத் துறை, வெளியுறவு அமைச்சகம் ஆகியவை எவ்வாறு தம்மைப் பழக்கிக்கொண்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மக்கள் தொடர்பு ஆய்வில் ஜேம்ஸ் குரூனிக், டாட் ஹன்ட் ஆகிய இருவரும் 1984இல் நான்கு முறைகளை வகுத்தனர்: விளம்பரம் தேடுதல், தகவல் தெரிவித்தல், மக்களின் கருத்தறிந்து அவர்களை இணங்கச் செய்தல், இரு தரப்பும் ஒன்றையொன்று கேட்டு மாறுதல். இறுதி முறையே அறத்திலும் பயனிலும் உயர்ந்தது என்பது குரூனிக்கின் வாதம். அவர்கள் இதை எழுதியபோது சமூக ஊடகம் இல்லை. அது வந்தபின் நான்காம் முறை தானாகவே நிறைவேறிவிட்டதாக ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கேள்வி கேட்கும் வாய்ப்பு விரைவாகப் பெருகியது; பதில் சொல்பவரின் அதிகாரம் அதே வேகத்தில் வளரவில்லை. இக்கடற்கரையின் மக்கள் தொடர்பில் இன்றுள்ள சிக்கலின் வேர் இந்த இடைவெளியே என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. ஒருவழி அறிவிப்பின் காலம்

இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் ஒரே வகையான புயல் எச்சரிக்கைக் குறியீடு 1898இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள் புயலின் தொலைவையும் கடுமையையும் படிப்படியாகக் காட்டும். பதினொன்றாம் எண்ணின் பொருள் வேறு. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதை அது குறிக்கும். தனக்குச் செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக மக்களுக்குச் சொல்லும் ஏற்பாடு அந்தப் பழைய முறைக்குள் இருந்தது. மக்கள் தொடர்பு வரலாற்றில் இதற்குரிய மதிப்பு இன்னும் அளிக்கப்படவில்லை.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடியது. போட் மெயில் எனப்பட்ட அந்த ரயில்–கப்பல் வழித்தடத்தில் ஆட்களோடு கடிதங்களும் நாளேடுகளும் பயணித்தன. இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதால், ஓடும் வண்டியிலிருந்து வீசப்படும் நாளேட்டுக் கட்டுகளைச் சேகரித்து வழங்கும் வேலையில் தம் ஒன்றுவிட்ட சகோதரருக்கு உதவியதை அப்துல் கலாம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். செய்தி வெளியிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்குள் வந்தது. தீவு திரும்பப் பேசுவதற்கு மனுவும் தந்தியும் மட்டுமே வழி.

அந்த ஏற்பாட்டின் விலை 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தெரிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயிலை, ஊரை நெருங்கும் வேளையில் புயல் அலை கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்டபத்திலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் தந்த தகவலைக் கொண்டு ரயில்வே தலைமையகம் செய்தி வெளியிடச் சுமார் 48 மணி நேரம் ஆயிற்று. கம்பிகள் அறுந்த அந்த இரவில் விரைவை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் உறவினருக்கு அந்த இரண்டு நாளும் துறையின் மௌனம் மட்டுமே கிடைத்தது என்பது வரலாறு. சேதமடைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் சீரமைத்தனர். பொறியியல் எழுந்து நின்ற வேகத்தில் தகவல் முறை எழவில்லை.

அடுத்த பல ஆண்டுகளில் வானொலியும் தொலைக்காட்சியும் இந்த ஒருவழிப் பாதையை அகலப்படுத்தின. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு எழுந்த தொலைக்காட்சிக் கோபுரம் அதன் உச்சம். குறை சொல்லுவோருக்கு ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை மனுக்களும், மீனவர் குறைதீர் கூட்டமும், நிலைய மேலாளரின் புகார்ப் புத்தகமும் இருந்தன. இவற்றில் மனு கொடுத்தவருக்குக் கிடைத்த பதிலை அடுத்தவர் அறிய வழியில்லை.

3. 2011: கடலின் துயரம் இணையத்தில்

இந்திய–இலங்கைக் கடல் எல்லையை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு பாக் நீரிணையில் மீன்பிடிப்பது தீராத பூசலாயிற்று. 2011 ஜனவரியில் பத்து நாள் இடைவெளியில் இரு தமிழக மீனவர்கள் கடலில் கொல்லப்பட்டனர். அவர்கள் புதுக்கோட்டை, நாகப்பட்டினம் மாவட்டக் கரைகளைச் சேர்ந்தவர்கள். ராமேஸ்வரம் மீனவர் வலை வீசுவதும் அதே நீரிணையில்தான். அம்மாத இறுதியில் தமிழ்ப் பதிவர்களும் ட்விட்டர் பயனர்களும் ‘டிஎன்ஃபிஷர்மேன்’ என்ற ஹேஷ்டேக்கில் ஒன்று திரண்டனர். தமிழ்நாட்டுக் கோரிக்கை ஒன்று இந்திய அளவில் ட்விட்டரில் கவனம் பெற்ற முன்னோடி நிகழ்வு அது. கரையிலிருந்த மீனவக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு அந்தத் தளமே அப்போது அறிமுகமில்லை. அவர்களுக்காகப் பேசியவர்கள் வேறு இடங்களில் இருந்தனர்.

அதே ஜனவரியின் இறுதியில் வெளியுறவுச் செயலர் நிருபமா ராவ் கொழும்பு சென்றார். எந்தச் சூழலிலும் வன்முறையை நியாயப்படுத்த முடியாது என்று இரு நாடுகளும் கூட்டறிக்கை வெளியிட்டன. இதை ஹேஷ்டேக்கின் வெற்றி என்று எழுதுவது மிகை. கொலைகளுக்கு எதிரான அரசியல் அழுத்தம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே கடுமையாக இருந்தது. வரலாற்றாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. வெளியுறவு அமைச்சகத்தின் பொது ராஜதந்திரப் பிரிவு 2010 ஜூலையிலேயே ட்விட்டர் கணக்கு தொடங்கியிருந்தது. 2011 பிப்ரவரி இறுதியில் லிபியாவிலிருந்து 15,000க்கும் மேற்பட்ட இந்தியரை மீட்கத் தொடங்கியபோது, சிக்கியிருந்தோரின் உறவினர்களுக்கு அந்தக் கணக்கு தனித்தனியே பதில் சொன்னது. லிபியாவில் பதிலுக்குப் பின்னால் கப்பலும் விமானமும் இருந்தன. பதில் சொன்னவர் செயல்படவும் முடிந்தது. பாக் நீரிணையில் பதில் இன்னொரு அரசின் கையிலும் இருந்தது. ஒரே அமைச்சகம் ஒரே ஊடகத்தில் ஏன் இருவேறு விதமாக வெளிப்பட்டது என்பதற்கு இதுவே விளக்கம்.

2017 மார்ச் 6 அன்று ராமேஸ்வரம் மீனவ இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. இலங்கைக் கடற்படை தான் சுடவில்லை என மறுத்தது. தங்கச்சிமடத்தில் உறவினர் உடலைப் பெற மறுத்து நாள்கணக்கில் போராடினர். இரண்டு மாதம் முன்பு ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கைப்பேசி வழியே கண்ட தலைமுறை அது. இந்த முறை கரையே தன் குரலில் பேசியது. மறுப்பு அறிக்கை ஒன்றால் பேச்சை முடித்துவைக்கும் காலம் முடிந்துவிட்டதை அந்தப் போராட்டம் உணர்த்தியது.

4. கடல் ஓசை: ஊர் தானே கட்டிய பாலம்

2016இல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி தொடங்கியது. மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ இதன் நிறுவனர். 2006ஆம் ஆண்டின் சமுதாய வானொலிக் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் அளித்ததால் இது சாத்தியமாயிற்று. காற்று, அலை, மீன்வளம், கடல் பாதுகாப்பு ஆகியவை நிகழ்ச்சிகளாயின. அலைவரிசை எட்டாதவர்களுக்குக் கைப்பேசிச் செயலி வந்தது.

இதன் ஆய்வு மதிப்பு மொழியில் இருக்கிறது. ஹைதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளையும் அலையின் உயரத்தையும் கணித்துத் தருகிறது. அந்தக் கணிப்பு அட்சரேகை, தீர்க்கரேகை, மீட்டர் என்ற கணக்கில் வரும். பாம்பன் மீனவருக்குக் கடல் என்பது வடகடலும் தென்கடலும். காற்று என்பது வாடை, கொண்டல், சோழகம், கச்சான். இந்த இரு கணக்குகளையும் அறிந்த ஒருவர் நடுவில் நின்றால்தான் கணிப்பு முடிவாக மாறும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீனவர் நண்பன் கைப்பேசிச் செயலியும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். கேட்பவரின் மொழியறிந்தவரே பதில் சொல்லத் தக்கவர் என்ற பாடத்தை, இக்கடற்கரை எந்தத் துறையின் சுற்றறிக்கைக்கும் காத்திராமல் கற்றுக்கொண்டது.

5. ரயில்வே: புகார்ப் புத்தகத்திலிருந்து பொதுவெளிக்கு

2014 நவம்பரில் சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சரானபின், ஓடும் ரயிலிலிருந்து ட்விட்டரில் எழுதியவருக்கு அடுத்த நிலையத்தில் உதவி கிடைத்த செய்திகள் நாடெங்கும் பரவின. கோட்ட மேலாளர்களின் கணக்குகள் பதில் சொல்லத் தொடங்கின. ராமேஸ்வரம் அடங்கும் மதுரைக் கோட்டமும் அவற்றில் ஒன்று. 2018இல் ‘ரயில் மதத்’ தளம் வந்தது. பின்னர் பல உதவி எண்கள் 139 என்ற ஒரே எண்ணில் இணைந்தன. சமூக ஊடகப் புகாரும் பதிவு எண் பெற்று, உரிய அலுவலரிடம் செல்லும் ஏற்பாடு உருவாயிற்று. மக்கள் தொடர்புப் பிரிவும் பயணிகள் சேவைப் பிரிவும் ஒன்றாகக் கலந்த இடம் இதுவே.

இந்த ஏற்பாடு சிறு குறைகளுக்கு நன்றாக வேலை செய்தது. பெரிய கேள்வியை அது எப்படி எதிர்கொண்டது என்பதைப் பாம்பன் புதிய பாலம் காட்டும். துருப்பிடிப்பால் பழைய பாலத்தில் 2022 டிசம்பர் 23 முதல் ரயில்கள் நின்றன. தீவின் ரயில் பயணம் மண்டபத்தோடு முடிந்தது. 72.5 மீட்டர் நீளச் செங்குத்துத் தூக்குப் பகுதியுடன் புதிய பாலம் எழுந்தது. 2024 நவம்பரில் ஆய்வு செய்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், மணிக்கு 75 கி.மீ. வேகத்துக்கும், தூக்குப் பகுதியில் 50 கி.மீ. வேகத்துக்கும் அனுமதி அளித்தார். கூடவே திட்டமிடலிலும் வடிவமைப்பு ஒப்புதல் நடைமுறையிலும் குறைகள் இருப்பதாக எழுதினார். அறிக்கை பொதுவெளிக்கு வந்தது. பாலத்தைக் கொண்டாடிய படங்களின் கீழேயே பாதுகாப்பைப் பற்றிய கேள்விகள் குவிந்தன.

ரயில்வே நிர்வாகம் ஐந்து பேர் குழுவை அமைத்தது. வடிவமைப்பைச் செய்த வெளிநாட்டு நிறுவனம், அதைச் சரிபார்த்த சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்கள், துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு ஆகியவற்றை விளக்கியது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது. தொழில்நுட்ப விளக்கம் பொதுமக்களுக்கே நேராகத் தரப்பட்டது முன்னேற்றம்தான். ஆனால் அது குற்றச்சாட்டு பரவியபின் வந்த விளக்கம். ஆணையர் கண்ட குறைகளையும் தன் பதிலையும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில், தமிழில் துறையே வெளியிட்டிருந்தால் வதந்திக்கு இடம் குறைந்திருக்கும். குறையை ஒப்புவது நம்பிக்கையைக் கெடுக்கும் என்ற அச்சம் தேவையற்றது. தெரியாததையும் அறிவிக்கப் பதினொன்றாம் எண் வைத்திருந்த மரபு இந்தக் கடற்கரையினுடையது.

6. கடலில் இருப்பவருக்கு யார் பதில் சொல்வது?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் உருவானபோது, எச்சரிக்கை வெளியாகும் முன்பே பல படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கைப்பேசி அலை கரையிலிருந்து சுமார் 10, 12 கி.மீ.க்கு அப்பால் எட்டாது. இந்தப் பட்டறிவுக்குப் பின், 2019இல் இன்காய்ஸும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செயற்கைக்கோள் வழியே செய்தி தரும் ஜெமினி கருவியை அறிமுகப்படுத்தின. அதில் செய்தியைப் பெறலாம், அனுப்ப முடியாது. நூற்றாண்டுக்குப் பிறகும் கூண்டின் குணம் மாறவில்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசியத் திட்டம் ஒரு லட்சம் படகுகளில் இருவழிச் செய்திக் கருவி பொருத்த 364 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆபத்தில் இருப்பவர் கடலிலிருந்தே குரல் கொடுக்கும் வழி அப்போதுதான் பரவலாகத் திறந்தது.

கரையிலும் இதே கதைதான். காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குச் செல்லும் அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்தும். ஒரு நாள் தொழில் போனால் படகுக்காரரும் கூலிக்குச் செல்பவரும் ஐஸ் விற்பவரும் சேர்ந்து இழக்கின்றனர். ஆகவே, டோக்கன் இல்லை என்ற ஒரு வரி அவர்களுக்குப் போதாது. எந்தக் காற்று, எவ்வளவு நேரம், அடுத்த அறிவிப்பு எப்போது என்பது வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது போன்ற நாள்களில் இத்தேவை உச்சமடைகிறது. பிரதீப் ஜானின் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பக்கத்தை மக்கள் நாடுவதற்குக் காரணம் கணிப்பு மட்டுமன்று. காரணத்தோடு, எளிய சொல்லில் அங்கே விளக்கம் கிடைக்கிறது. தனிமனிதர் ஒருவர் இந்த இடத்தை நிரப்புவது பாராட்டுக்குரியது. அரசுத் துறை அதை அவரிடமே விட்டுவிடுவது முறையாகாது.

இணையத்தில் குரல் இல்லாதவர்களையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வை, 1986இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவின் விதிகள் நேரடியாகத் தொடுகின்றன. அவர்களின் குறை இன்றும் பெரும்பாலும் காகித மனுவாகவே அலுவலகம் சேர்கிறது. ட்வீட்டுக்குச் சில நிமிடத்தில் பதிலும் மனுவுக்குப் பல மாதத்தில் பதிலும் என்றால், சமூக ஊடகச் சேவை புதிய வகை முன்னுரிமையாகிவிடும். அதை ஏற்க முடியாது.

7. முடிவுகள்

இந்த வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, ஊடகம் மாறும்போது நிறுவனம் மாறுவதில்லை. பதில் சொல்பவருக்குச் செயல்படும் அதிகாரம் கிடைக்கும்போதே மாறுகிறது. லிபியாவும் ‘ரயில் மதத்’தும் அதற்குச் சான்று. இரண்டாவது, இடத்தையும் பேச்சையும் அறிந்த இடையாளர் இல்லாமல் விரைவான பதிலும் வீணாகும். கடல் ஓசை அதற்குச் சான்று. மூன்றாவது, பொதுவெளியில் வந்த கேள்விக்குப் பொதுவெளியிலேயே, குறையையும் சேர்த்துச் சொல்லும் பதிலே நிலைக்கும்.

நடைமுறையில் இதற்கு ஆகும் செலவு குறைவு. மீன்வளத் துறை, வானிலை மையம், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் உதவி எண் 1093, கடலோரக் காவல் படையின் உதவி எண் 1554 ஆகியவற்றுக்கு வரும் கேள்விகள் ஒரே பதிவேட்டில் சேரட்டும். திங்கட்கிழமை மனுவும் வாட்ஸ்அப் கேள்வியும் அதில் ஒரே வரிசை எண் பெறட்டும். எத்தனை நிமிடத்தில் பதில் போயிற்று என்பதோடு, கேட்டவர் தம் குறை தீர்ந்தது என்று ஒப்பினாரா என்பதையும் துறைகள் ஆண்டுதோறும் வெளியிடட்டும். கடலில் கைதான மீனவர் குடும்பத்தின் பெயரும் முகவரியும் பொதுப்பக்கத்தில் சிதறாமல் காக்கும் பொறுப்பும் பதில் தருபவருடையதே. குறை தீர்ந்ததா என்பதைக் கேட்டவரே சொல்லும் உரிமை எழுத்தில் வந்தால்தான் குரூனிக் சொன்ன நான்காம் முறை இக்கடற்கரையில் தொடங்கியதாகக் கொள்ள முடியும்.