கண்ணாடிக்குள் மலர்ந்த பூக்கள்

ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றைக் கோம்பைவாசிகள் நன்கறிவர். எழுதுவோர் மேசையில் தாள்கள் பறவாதிருக்க ஒரு கனம் வேண்டும். அக்கனம் கலையானது எவ்வாறு என்பதை நோக்குவோம்.

வெனிஸ் நகரத்துப் பியெத்ரோ பிகாலியா, 1845இல் வியன்னாவில் நடந்த தொழிற் கண்காட்சியில், பூக்கள் பொதிந்த கண்ணாடிப் 'பேப்பர் வெயிட்'களை வைத்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பிரான்சின் பக்காரா, சேன் லூயி, கிளிஷி ஆலைகள் அக்கலையை உச்சிக்குக் கொண்டு சென்றன. ஆதலின் இஃது ஐரோப்பியர் கண்ட கலையென்றே எண்ணத் தோன்றும்.

செய்முறையை நோக்கின் உண்மை விளங்கும். பல நிறக் கண்ணாடிக் கோல்களைப் பூவடிவாக அடுக்கி, உலையிற் காய்ச்சி, இருபுறமும் பற்றி இழுப்பர். கோல் மெலியும், பூ சிறுக்குமேயன்றிச் சிதையாது. அதனைக் குறுக்கே நறுக்கி, வில்லைகளைப் பரப்பி, உருகிய தெளிந்த கண்ணாடியால் மூடுவர். பின்னர் மெல்ல ஆறவிடுவர். விரைந்து ஆறினால் வெடித்துவிடும்.

இந்நுட்பம் கிறித்துவுக்கு முன்பே கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் வழங்கியது. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸியக் கலீஃபாக்களின் தலைநகராயிருந்த சாமர்ராவின் அரண்மனையிலும் இத்தகைய பூக்கண்ணாடி ஓடுகள் கிடைத்துள்ளன. நம் அரிக்கமேட்டிலோ, கண்ணாடியைக் குழலாக இழுத்து மணிகளாக நறுக்கினர்.

குமிழ் வடிவமும் அதன் பொலிவும் ஐரோப்பியருடையவை. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் கோலை முதலில் இழுத்த கை கிழக்கின் கை. பிகாலியாவின் பெயர் நிலைத்தது; சாமர்ராவிலும் அரிக்கமேட்டிலும் உலைமுன் நின்றோர் பெயர் நிலைக்கவில்லை. அவர்களையும் நினைவில் வைப்பதே முழுமையான வரலாறு.