வேடிக்கை பார்ப்பவரும் உடனிருப்பவரும்: அமெரிக்கக் கல்லூரிகளில் பாலியல் வன்முறைத் தடுப்புக் கல்வி வந்த வழி

1964 மார்ச் 13 விடியற்காலையில், நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கத்தியால் குத்தப்பட்டு, பாலியல் வன்முறைக்கும் ஆளாகி இறந்தார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி, அக்கம்பக்கத்தார் 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தும் தாக்குதல் நடந்த நேரத்தில் ஒருவரும் போலீஸை அழைக்கவில்லை என்றது. அமெரிக்கக் கல்லூரிகளில் இன்று நடக்கும் 'உடனிருப்போர் தலையீட்டுப் பயிற்சி'யின் வேர் இந்தச் செய்தியில் இருக்கிறது.

செய்தியோ பெரும்பகுதி பிழையானது. மானிங், லெவைன், காலின்ஸ் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, 38 பேர் கொலையைக் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்குச் சான்றில்லை என்று காட்டியது. சோஃபியா ஃபாரர் என்ற அண்டைவீட்டுப் பெண் ஓடிவந்து, உயிர் பிரியும் தறுவாயிலிருந்த கிட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கதை மறந்தது. அந்த மறதி ஓர் அநீதி என்றே கருதுகிறேன்.

ஆனால் அந்தக் கதை தூண்டிய ஆராய்ச்சி பயனற்றுப் போகவில்லை. 1968இல் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் நியூயார்க் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, இன்டர்காம் வழியே ஒருவர் வலிப்பில் தவிப்பதைக் கேட்கச் செய்தனர். கேட்பவர் தான் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடினர். மேலும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களிலோ 31 விழுக்காட்டினரே எழுந்தனர். கல்நெஞ்சம் காரணமல்ல, பொறுப்பு பலர் தலையில் பங்கிடப்பட்டதுதான் காரணம். கவனிப்பது, ஆபத்தென்று உணர்வது, பொறுப்பேற்பது, வழி தேர்வது, செயல்படுவது என அவர்கள் வகுத்த ஐந்து படிகள் பிற்காலப் பயிற்சிகள் பலவற்றுக்கு அடித்தளமாயின.

கல்லூரிகள் அந்தப் பக்கம் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அறிவுரையெல்லாம் பெண்களுக்குத்தான்: இருட்டில் தனியே போகாதே, விசில் வைத்துக்கொள். அந்த அறிவுரை புதரில் ஒளிந்திருக்கும் அந்நியனை மனத்தில் வைத்தது. 1987இல் மேரி காஸ் குழுவினர் 32 உயர்கல்வி நிறுவனங்களில் 6,159 மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வு இந்தச் சித்திரத்தைக் கலைத்தது. பெண்களில் நால்வரில் ஒருவருக்கு மேல், 14 வயதுக்குப் பிறகு வன்புணர்வையோ அதற்கான முயற்சியையோ எதிர்கொண்டிருந்தனர். செய்தவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர்கள். தெரிந்தவர் என்றால், அவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் பொதுவான நண்பர்கள் இருக்கிறார்கள். விருந்தில் யார் யாருக்கு ஊற்றிக்கொடுக்கிறார், யார் தள்ளாடுகிறார் என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வரலாற்றின் உண்மையான திருப்பம் இங்கேதான்: அலறலுக்கு ஓடிவருபவரைத் தேடிய கேள்வி, அலறலுக்கு முன்பே அங்கே இருப்பவரைத் தேடத் தொடங்கியது.

1993இல் ஜாக்சன் காட்ஸ், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் விளையாட்டு வீரர்களை வருங்காலக் குற்றவாளிகளாக நடத்தவில்லை. சகாவைத் தட்டிக்கேட்கக்கூடியவர்களாக நடத்தியது. நியூ ஹாம்ப்ஷையர் பல்கலைக்கழகத்தில் விக்டோரியா பேன்யார்டும் சகாக்களும் 389 மாணவர்களிடம் இத்தகைய பயிற்சியைச் சோதித்து, மனப்பான்மை மாற்றம் இரண்டு மாதத்துக்குப் பிறகும் நிற்பதாக 2007இல் எழுதினர். கென்டக்கியில் டாரத்தி எட்வர்ட்ஸ் உருவாக்கிய 'கிரீன் டாட்', நேரே தடுப்பது, இன்னொருவரை அழைப்பது, கவனத்தைத் திருப்புவது என்ற மூன்று வழிகளைக் கற்பித்தது. "உன் காரை இழுத்துட்டுப் போறாங்க" என்று ஒரு பொய் சொன்னால்கூடப் போதும். கூச்சமுள்ள மாணவருக்கும் இது கைவரும் என்பதே அதன் பலம்.

2013இல் கூட்டாட்சிச் சட்டம் இந்தக் கல்வியைப் புதுமுக மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியது. மறு ஆண்டு வெள்ளை மாளிகை 'இட்ஸ் ஆன் அஸ்' இயக்கத்தைத் தொடங்கியது. கட்டாயமானதும் பரவல் கூடியது. ஆனால் கணினித் திரையில் முடித்துவிடும் பாடமாகச் சுருங்கும் வாய்ப்பும் கூடவே வந்தது.

அதைவிடப் பெரிய கவலை, பயிற்சியின் பலன் பற்றியது. 2019இல் கெட்ரியும் சகாக்களும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தபோது, பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாகத் தலையிட்டது தெரிந்தது. ஆறு மாதத்தில் அந்த விளைவு மங்கியது. வன்முறை செய்வது குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் சார்லீன் சென் குழு 893 மாணவியருடன் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், 12 மணிநேர எதிர்ப்புப் பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் 5.2 விழுக்காடு, பெறாதவர்களில் 9.8. சுமையை மீண்டும் பெண்கள் தோளிலேயே ஏற்றுவதா என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனாலும் ஏறக்குறையப் பாதியளவு குறைவை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பயிற்சிகளையும் சேர்த்து நடத்தும் வளாகங்கள் வேண்டும். அங்கே எத்தனை பேர் தலையிட்டார்கள் என்பதோடு, எத்தனை பேர் பாதிக்கப்படாமல் பட்டம் பெற்றார்கள் என்றும் எண்ணப்பட வேண்டும்.