கூத்துக் களரியும் கல்லூரி வகுப்பும்

ஆடலையும் நாடகத்தையும் ஆசிரியர் வைத்து, ஆண்டுக் கணக்கு வகுத்துப் படிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அப்படிப்பட்ட ஒரு படிப்பின் முழு விவரமும் இருக்கிறது. மாதவி ஐந்து வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் அரங்கேறினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டிய தகுதியை இளங்கோவடிகள் தனித்தனியே சொல்கிறார். அரங்கின் அளவும் உண்டு. 24 பெருவிரல் நீளமுள்ள கோலால் அளந்தால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். திரைகள் மூன்று வகை. ஆசிரியர் தகுதி, பயிற்சிக் காலம், அரங்க அமைப்பு, இறுதியில் அவையோர் முன் தேர்வு என்று ஒரு பாடத்திட்டத்துக்கு வேண்டிய எல்லாமே அதில் அடங்கியிருக்கின்றன.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் முறையிலான கல்லூரிகள் திறக்கப்பட்டபோது, இயல், இசை, நாடகம் என்ற முத்தமிழில் இயலுக்கு மட்டுமே வகுப்பறையில் இடம் கிடைத்தது. இசை 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக் கல்லூரியின் வழியே உயர்கல்விக்குள் வந்தது. நடனமும் நாடகமும் இன்னும் பல ஆண்டுகள் காத்திருந்தன. அந்த இடைவெளியில் இக்கலைகளைக் காத்தவர்கள் நட்டுவனார்களும் நாடக சபை வாத்தியார்களும் கூத்து வாத்தியார்களும். பின்னாளில் கல்லூரி கற்பித்தவற்றில் பெரும்பகுதி இவர்களிடமிருந்து வந்ததே.

கல்லூரிக்கு முந்தைய பள்ளிகள்

நடனத்தின் பயிற்சி முறையை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள். தஞ்சை மராத்திய அரசவையைச் சேர்ந்த இவர்கள் அடவுகளை வரிசைப்படுத்தி, அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான கச்சேரி முறையை வகுத்தனர். இவர்களுள் சின்னையா மைசூர் அரசவைக்குச் சென்றார். வடிவேலு திருவிதாங்கூர் சென்றார். தஞ்சை ஆடல் கன்னட நாட்டில் வேரூன்றி மைசூர் பாணியாக வளரச் சின்னையா அங்கு சென்றது வழி செய்தது.

நாடகத்துக்குப் பள்ளியாக இருந்தவை பாலர் சபைகள், அதாவது மக்கள் சொன்ன ‘பாய்ஸ் கம்பெனி’கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, பாட்டும் வசனமும் தாளமும் வாத்தியாரிடம் மனப்பாடம் செய்தனர். டி.கே.எஸ். சகோதரர்கள் இந்த சபையில் பயின்றவர்கள். எம்.ஜி. ராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் வேறு பாய்ஸ் கம்பெனிகளில் சிறு வயதிலேயே சேர்ந்து தொழில் கற்றவர்கள். பட்டமும் சான்றிதழும் தராத இந்தப் பள்ளிகள்தாம் தமிழ்த் திரைக்கு இரண்டு தலைமுறை நடிகர்களைத் தந்தன.

மூன்றாவது பள்ளி கூத்துக் களரி. வட மாவட்டங்களிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் திரௌபதியம்மன் கோயில் திருவிழா நாட்கணக்கில் நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக நடக்கும். அர்ச்சுனன் தபசில் வேடக்காரர் உயர்ந்த மரத்தில் ஏறிப் பாடுவார். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம், அதாவது அவன் வீழும் காட்சி, நடக்கும்; மாலையில் தீமிதி. இக்கூத்தில் சேருகிறவன் முதலில் பின்பாட்டுப் பாடுவான். பிறகு சிறு வேடம் கட்டுவான். அடவும் விருத்தமும் வசப்பட்ட பின்பே கட்டை கட்டுவான். கட்டை என்பது மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவை. அரிதாரம் பூசி, உடுப்பைப் பல சுற்றுக் கட்டி, கட்டைகளை இறுக்கி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு, திரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடி, திரை விலகியதும் சுழன்று ஆடவேண்டும். இந்த உடல் பயிற்சியையும் குரல் பயிற்சியையும் கூத்து வாத்தியார் களரியிலேயே கற்றுக்கொடுத்தார்.

பாடநூலாக நுழைந்த நாடகம்

கல்லூரிக்குள் நாடகம் முதலில் வந்தது படிக்கும் நூலாகவே. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ மேடையைவிட வகுப்பறையில் நெடுங்காலம் வாழ்ந்தது. அதே 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கல்லூரியில் படித்தவர்களும் வழக்கறிஞர்களும் அதில் நடித்தது, நாடகம் கற்றவர்க்கு உரியதன்று என்ற எண்ணத்தைத் தளர்த்தியது.

நாடகத்துக்குத் தமிழில் இலக்கணம் எழுதியவரும் ஒரு கல்லூரி ஆசிரியரே. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் என்னும் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1897இல் ‘நாடகவியல்’ இயற்றினார். ‘ரூபாவதி’, ‘கலாவதி’ போன்ற நாடகங்களை எழுதியதோடு தாமே வேடமிட்டும் நடித்தார். 1903இல் அவர் 33 வயதிலேயே மறைந்ததால் அந்த முயற்சி தொடரவில்லை. பின்னர் 1926இல் விபுலானந்தர் வெளியிட்ட ‘மதங்கசூளாமணி’ ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் இந்திய நாடக இலக்கணத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. இவையெல்லாம் நாடகத்தைப் பற்றிய கல்விக்கு அடித்தளம் இட்டன. நடிக்கக் கற்பிக்கும் துறை மட்டும் இன்னும் அமையவில்லை.

நடனம் பட்டப் படிப்பான கதை

நடனம் நிறுவனத்துக்குள் வந்த காலம் கடும் வாதங்களின் காலம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், ஈ. கிருஷ்ண ஐயர் தேவதாசியர் ஆடிவந்த சதிர் ஆடலைக் காக்க வாதாடினார். 1930களில் அது பரதநாட்டியம் என்ற பெயரில் சபை மேடைகளில் ஏறியது. 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கு கற்பித்தார். அபிநயம் கற்பித்தவர் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் மரபைச் சேர்ந்த கௌரி அம்மாள். ஆக, புதிய நிறுவனத்தின் முதல் பாடங்கள் பழைய மரபின் கைகளிலிருந்தே வந்தன. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இழிவும் சுரண்டலும் நிறைந்த ஒரு வழக்கம் முடிவுக்கு வந்தது நன்மையே. ஆனால் பல தலைமுறை அறிவைச் சுமந்த இசை வேளாளர் குடும்பப் பெண்களில் பெரும்பாலோர் மேடையை விட்டும் விலகினர். அந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் பொறுப்பு அப்போதுதான் உருவாகிவந்த நிறுவனங்களின் மேல் விழுந்தது.

பல்கலைக்கழகப் படிப்பாக நடனம் வளர்ந்த வரலாற்றில் இரண்டு தஞ்சைக் கிளைகள் குறிப்பிடத்தக்கவை. 1880இல் தஞ்சை இளவரசி பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவை மணந்தபோது, அவருடன் தஞ்சை ஆடல் குழுவும் பரோடா சென்றது. அக்குழுவைச் சேர்ந்த காந்திமதியின் மகன் குபேர்நாத் தஞ்சோர்கர், 1950 முதல் நடனத்தைப் பட்டப் படிப்பாக வைத்த பரோடா பல்கலைக்கழகத்தில் பரதநாட்டியம் கற்பித்தார். மற்றொரு கிளை மைசூரில். ஜட்டி தாயம்மாவின் மாணவியும் அரசவைக் கலைஞருமான கே. வெங்கடலட்சம்மா, 1965இல் மைசூர் பல்கலைக்கழகம் நடனப் பிரிவைத் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியரானார். அரசவையில் ஆடியவர் பல்கலைக்கழக வகுப்பை நடத்தியது மரபுக்குக் கிடைத்த பெரிய மதிப்பு.

தமிழ்நாட்டில் 1949இல் சென்னையில் தொடங்கிய அரசு இசைக் கல்லூரியும், பின்னர் திருவையாறு, மதுரை, கோவையில் அமைந்த அரசு இசைக் கல்லூரிகளும், திருச்சியின் கலைக்காவிரியும் நடனப் படிப்பை நகரங்களுக்கு எடுத்துச் சென்றன. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கலாக்ஷேத்திரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 2013இல் தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது.

நாடகத் துறைகள்

நடிப்பையும் இயக்கத்தையும் முழுநேரப் படிப்பாக்கியதில் 1959இல் டெல்லியில் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளிக்கு முதன்மையான இடம் உண்டு. அங்கு பயின்ற சே. இராமானுஜம் மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளையோடு சேர்ந்து 1977இல் காந்திகிராமத்தில் நடத்திய நாடகப் பட்டறை தமிழ் நாடகக் கல்விக்குத் திருப்புமுனை. கிராமியப் பல்கலைக்கழக வளாகத்தில் உடல், குரல், ஒளி, அரங்க அமைப்பு ஆகியவற்றை வாரக்கணக்கில் பயின்றவர்கள் ஊர் திரும்பிக் குழுக்கள் அமைத்தனர். மு. இராமசுவாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். அதே 1977இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை நவீன நடிகனுக்கான பயிற்சியாகக் கண்டது அவருடைய பெரும் பங்களிப்பு.

1981இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது நாடகத்துக்கும் ஒரு துறை கிடைத்தது, இராமானுஜமும் மு. இராமசுவாமியும் அங்கு பணியாற்றினர். 1980களின் பிற்பகுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி தொடங்கியது. சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தவர். பட்டம் தராத பள்ளியின் வாத்தியார் பெயரைப் பட்டம் தரும் பள்ளி ஏற்றது பொருத்தமே. இந்திரா பார்த்தசாரதி அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பின்னர் நாட்டார் கலை ஆய்வாளரும் ‘பலி ஆடுகள்’ நாடகத்தை எழுதியவருமான கே.ஏ. குணசேகரன் அங்கு பணியாற்றினார். ஒடுக்கப்பட்ட மக்களின் ஆடலும் பாடலும் பறையும் கல்விப் பொருளாயின.

இலங்கையில் இந்த இணைப்பு முன்னதாகவே நிகழ்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்து வாத்தியார்களான அண்ணாவிமாரைக் கொண்டு மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கி, படச்சட்ட மேடைக்கு வந்தது. 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ அரங்கேறின. அவற்றில் முதன்மை வேடம் ஏற்ற மாணவர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ உயர்தரப் பள்ளித் தேர்வுக்கே ஒரு பாடம்.

வகுப்பில் நடப்பது

நடன வகுப்பு இன்றும் தட்டடவில்தான் தொடங்குகிறது. மாணவர் அரைமண்டியில் அமர, ஆசிரியர் தரையில் உட்கார்ந்து தட்டுமனையைத் தட்டுக்கழியால் தட்டிச் சொற்கட்டைச் சொல்வார். ஒரே அடவு மூன்று காலத்திலும் வரும்; வேகம் கூடும்போது முழங்கால் எழுந்துவிடாமல் இருக்கிறதா என்பதையே ஆசிரியரின் கண் பார்க்கும். நந்திகேசுவரரின் ‘அபிநய தர்ப்பணம்’ கை முத்திரைக்கும் பார்வைக்கும் பாடமாகும். மேல்வகுப்பில் மாணவரே தாளம் பிடித்து நட்டுவாங்கம் செய்யப் பழகுவார். நாடக வகுப்பில் காலை உடற்பயிற்சியும் குரல் பயிற்சியும், பின்னர் நாடக வரலாறு, நடிப்புக் கொள்கை, ஒளியமைப்பு, ஒப்பனை, உடை ஆகியவையும் வரும். ஆண்டு முடிவில் மாணவர் ஒரு நாடகத்தைத் தாமே இயக்கி மேடையேற்றுவதே தேர்வு.

எல்லை வட்டாரம்

இந்தப் படிப்புகள் ஓர் எல்லையோர ஊரின் மாணவருக்கு எப்படி எட்டுகின்றன என்று பார்க்கச் சானமாவை எடுத்துக்கொள்ளலாம். அது ஒசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் வழியில், யானைகள் வந்து தங்கும் காப்புக் காட்டை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றாகப் புழங்கும் இவ்வட்டாரம், சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு வாகனத் தொழிலுக்கும் உதிரிபாகத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. இப்பகுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் என்று போவது இயல்பு. நடனத்தில் நாட்டமுள்ளவர்க்கு முதல் படி கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளி. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் இப்பள்ளியில் பரதநாட்டியம், குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் ஆகியவை மூன்றாண்டுப் படிப்பு. அதன் பின் பட்டம் வேண்டுவோர் சென்னை முதலிய ஊர்களின் இசைக் கல்லூரிகளுக்குச் செல்லவேண்டும்.

மறுபக்கம், ஒசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூரு. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நடனமும் நாடகமும் உண்டு. மைசூரில் பி.வி. காரந்த் 1989இல் தொடங்கிய ரங்காயணமும், ஹெக்கோடுவில் கே.வி. சுப்பண்ணா 1980இல் தொடங்கிய நீநாசம் நாடகப் பயிற்சி நிலையமும் கன்னட நாடகக் கல்விக்குத் தூண்கள். எல்லைக்கு அப்பாலுள்ள கன்னட ஊர்களில் ‘டிராமா மேஷ்டரு’ ஆர்மோனியத்தோடு வந்து, உழவர்களுக்கு மாதக்கணக்கில் ‘குருக்ஷேத்திர’ நாடகம் பழக்கும் வழக்கமும் இருக்கிறது. பெங்களூரு தர்மராயர் கோயில் கரகமும் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரதக் கூத்தும் வணங்குவது ஒரே திரௌபதியை. இரு மாநிலக் கல்லூரிகளில் எதில் சேர்ந்தாலும், இவ்வட்டார மாணவருக்குப் பாடத்தின் வேர் சொந்த ஊரிலேயே இருக்கிறது.

கூத்துக் கலைஞர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பும் களரிப் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கவேண்டும் என்ற எண்ணத்தில், பெ. ராஜகோபால் காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்துக் குருகுலத்தை 2002 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு நடத்தினார். பகலில் பாடமும் இரவில் கூத்தும் ஒரே பிள்ளைக்கு முடியும் என்பதை அது காட்டியது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பாரதக் கூத்து மும்முரமாக நடப்பது கோடையில், கல்லூரிகளின் விடுமுறைக் காலத்தில். ஜூனில் வகுப்பு திறக்குமுன், நாடகமோ நடனமோ படிக்கும் மாணவர் வாத்தியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, திரை விருத்தம் முதல் படுகளம் வரை இரவுகள் முழுவதும் பார்த்துக் கற்றுக்கொள்ள அங்கே இடமிருக்கிறது.