சிருங்கேரிக்குப் போன கடிதங்கள்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால், கூப்பிடு தூரத்தில் திப்பு சுல்தானின் லால் மகால் அரண்மனை இடிந்து கிடக்கிறது. வெறும் அஸ்திவாரக் கற்கள்தான். கோயில் மணி அரண்மனைக்குள் கேட்காமலா இருந்திருக்கும்? அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

திப்புவின் ஆட்சிக்காலத்தில், 1791-இல் மராட்டியப் படையோடு வந்தவர்கள் சிருங்கேரி மடத்தைச் சூறையாடினார்கள். சாரதாம்பாள் சிலை இடம்பெயர்ந்தது. மடாதிபதி சுவாமிகள் கார்கலாவில் போய்த் தங்கினார். கொள்ளையடித்தவர்கள் ஓர் இந்து அரசின் படையோடு வந்தவர்கள், மறுபிரதிஷ்டைக்கு உதவியவர் திப்பு! தம்முடைய பெத்னூர் அதிகாரிக்கு அவர் இட்ட உத்தரவு: ரொக்கமாக 200 ராகதி நாணயங்கள், அதே மதிப்புக்குத் தானியம். சுவாமிகளை ‘ஜகத்குரு’ என்றே விளித்துக் கன்னடத்தில் எழுதினார். மைசூர் தொல்லியல் துறையின் நரசிம்மாச்சார் 1916-இல் அந்தக் கடிதங்களை மடத்திலேயே கண்டெடுத்தார்.

இதை மட்டும் சொல்லி நிறுத்துபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 1784-இல் மங்களூர்க் கத்தோலிக்கர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத்தான் நடத்தியே கூட்டிவந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் பலர். குடகிலும் மலபாரிலும் கட்டாய மதமாற்றம் நடந்தது. பணிந்த மடத்துக்குத் தானியம், எதிரிக்குத் துணைபோனதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களுக்குச் சிறை. இதில் எனக்கு அரசியல்தான் தெரிகிறது. ஆனாலும் ‘ஜகத்குரு’ என்ற அந்த விளிப்பை அரசியலில் மட்டும் அடக்க முடியவில்லை.